வயித்து வலின்னு எழுதுனவன் நான்தான்: வாசகர் கேள்வி, அண்ணன் பதில்

போன மாசம் கொடுங்கையூர்ல இருந்து ஒரு தம்பி, "தற்கொலையத் தடுக்க நாடு முழுக்க ஒரு திட்டம் போட்டிருக்காங்களாமே, அத போடும்போது நம்மள மாதிரி ஆளுங்கள யாராச்சும் கேட்டாங்களா?"ன்னு கேட்டிருந்தாரு. எடம் இல்லன்னு நான் ஒரே வரில "கேட்டிருக்கணும் தம்பி"ன்னு போட்டு முடிச்சுட்டேன். அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், கடுதாசில, வாட்ஸ்அப்ல, டீக்கடைல நேர்லயே ரெண்டு பேர்கிட்ட. சரி, இந்த மாசம் சினிமா கேள்வி, கிரிக்கெட் கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இது மட்டும். படிக்கும்போது மனசு கனமாச்சுன்னா பாதில மூடி வச்சுடுங்க, கோச்சுக்க மாட்டேன். யார்கிட்டயாச்சும் பேசணும் போல இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416, ராத்திரி பகல் எப்ப வேணா அடிக்கலாம், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: அண்ணே, மொதல்ல அப்படி ஒரு திட்டம் நெஜமாவே கீதா, இல்ல சும்மா பேப்பர்லயா? அதுல இன்னாதான் போட்டுகீறாங்கோ?
ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

இருக்குப்பா. தேசிய தற்கொலைத் தடுப்பு வியூகம்னு பேரு, 2022 நவம்பர் 21ல மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. 2030க்குள்ள தற்கொலை சாவ 10 சதவீதம் கொறைக்கணுங்கறதுதான் குறி. அதுக்கு மூணு கெடு வச்சிருக்காங்க. மூணு வருஷத்துல ஒழுங்கா கணக்கெடுக்கற ஏற்பாடு, அஞ்சு வருஷத்துல எல்லா மாவட்டத்துலயும் இதுக்குன்னு மனநல ஓபி, எட்டு வருஷத்துல ஸ்கூல் காலேஜ் பாடத்துல மனநலம். மூணும் நல்ல விஷயந்தான், நான் கொற சொல்ல வரல.

இப்ப நம்மூரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022க்கு சொன்னது இந்தியா முழுக்க 1,70,924 பேர், அதுல தமிழ்நாடு மட்டும் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நம்மதான். அந்த லிஸ்ட்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல தினக்கூலி ஆளுங்க. இத படிச்சப்ப எனக்கு நம்ம ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, மூலக்கொத்தளம் தெருதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. லோடு ஏத்தறவங்க, பெயின்ட் அடிக்கறவங்க, மீன் கூடை தூக்கறவங்க. திட்டத்துல சமுதாயம் சமுதாயம்னு பக்கத்துக்குப் பக்கம் வருது, ஆனா சமுதாயம்னா அது யாரு? என் கணக்குல அது காலைல ஏழு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கற ஆளு, அவரு கிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்.

கேள்வி: வணக்கம் சார். இது டாக்டருங்க, பெரிய படிப்பு படிச்சவங்க பாக்க வேண்டிய விஷயம். தெருவுல இருக்கற எங்களைக் கேட்டு என்ன சார் ஆகப்போகுது? எங்களுக்கு என்ன தெரியும்?
இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

என்ன தெரியும்னு கேக்கறீங்களேம்மா, உங்களுக்குத்தாம்மா தெரியும். இதுக்கு சுருக்கமா பதில் சொல்ல முடியாது, ஒரு பழைய கதைய சொல்லிடறேன், இத்தன வருஷம் எழுதறேன் இத எங்கயும் எழுதுனதில்ல.

எனக்கு அப்ப இருபத்தி சொச்சம் வயசு, கொருக்குப்பேட்டைல ஒண்டிக்குடித்தனம், தெருவுல யாருக்கு மனு எழுதணும்னாலும் என்னத்தான் கூப்புடுவாங்க, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், கரண்ட் ஆபீஸ், எதுவா இருந்தாலும். நாலு வீடு தள்ளி ஒருத்தரு, ஹார்பர்ல லோடு வேல. நல்ல மனுஷன், ஞாயித்துக்கெழமையானா கேரம் போர்ட எடுத்து தெருவுல போட்டுட்டு சின்னப் பசங்கள ஜெயிக்க விடுவாரு. ஒரு நா அவரு போயிட்டாரு. எப்படின்னு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

ஸ்டேஷன்ல சம்சாரத்தோட வாக்குமூலம் வேணும்னு கேட்டாங்க. அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருப் பெரியவங்க நாலு பேர் ஒக்காந்து பேசி முடிவு பண்ணாங்க, பொண்ணுக்கு நாளைக்கு கல்யாணம் காட்சி இருக்கு, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலைய முடியாது, எதுக்கு வம்பு, வழக்கமா போடறத போட்டுடு தம்பின்னாங்க. வழக்கமா போடறது என்னன்னு எனக்கும் தெரியும், அத்தன பேப்பர்ல படிச்சிருக்கோமே. "என் கணவர் நீண்ட நாட்களாக தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்." இந்த வரிய எழுதுனவன் நான்தான். என் கையெழுத்து. அந்தம்மா கட்டவெரல வச்சு அமுக்குனப்ப மை வழிஞ்சு "வயிற்று"ங்கற எழுத்து மேலயே பட்டுச்சு, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

அவருக்கு வயித்து வலியே கெடையாதும்மா. நாலு மாசமா வேல சரியா இல்ல, தண்டல்காரன் காலைல ஆறரைக்கே வாசல்ல வந்து சைக்கிள ஸ்டாண்ட் போடுவான், குடி ஜாஸ்தியாச்சு, தூக்கம் போச்சு, கேரம் போர்டு வெளிய வரதே நின்னு போச்சு. கடன் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்லல, ஒரே ஒரு காரணத்துனால யாரும் போறதில்ல, பல நூலு சேந்து சிக்காவுது. ஆனா அந்த சிக்கு எங்க தெரு குழாயடில எல்லாருக்கும் தெரியும். போர்டு வெளிய வரலன்னு சின்னப் பசங்களுக்குக் கூட தெரிஞ்சுருந்துச்சு. அரசாங்கத்துக்குப் போன காயிதத்துல மட்டும் வயித்து வலி.

இப்ப மேல சொன்ன அந்த குற்ற ஆவணக் காப்பகக் கணக்க திரும்பப் பாருங்க. 2022ல காரணம்னு போட்ட கட்டத்துல குடும்பப் பிரச்சன 31.7 சதவீதம், அதுக்கடுத்து நோய், 18.4 சதவீதம். அந்த நோய்க் கட்டத்துல எத்தன பேருக்கு நெஜமாவே நோயி, எத்தன பேருக்கு என்ன மாதிரி ஒருத்தன் எழுதிக் குடுத்த நோயி? எனக்கு அத பாக்கும்போதெல்லாம் வவுறு கலங்குது. தப்பான கணக்க வச்சு திட்டம் போட்டா எவ்ளோ பெரிய டாக்டர் போட்டாலும் திட்டம் பக்கத்துத் தெருவுக்குத்தான் போவும். ஜனங்கள கேக்கணுங்கறது ஏதோ மரியாதைக்கு இல்லம்மா, உண்மையான தகவல் ஜனங்க கிட்டதான் இருக்கு, அவங்க பயமில்லாம சொன்னாத்தான் அது வெளிய வரும்.

கேட்டு நடந்ததுக்கும் நம்மூர்லயே உதாரணம் இருக்கு. பத்தாவது பன்னெண்டாவது ரிசல்ட் வந்தா ஒரு காலத்துல ஃபெயில்னா ஒரு வருஷம் போச்சு, வீட்டுல முகம் காட்ட முடியாது. இப்ப ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்லயே துணைத் தேர்வு எழுதி அந்த வருஷமே மேல படிக்கப் போயிடலாம். அந்த ஏற்பாடு வரணும்னு விடாம கேட்டவங்கள்ல முக்கியமானவங்க தற்கொலையத் தடுக்க போன்ல பேசி உதவற நம்ம சென்னையோட சினேகா அமைப்பு, 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்சது. அங்க ஃபோன எடுக்கறது சம்பளத்துக்கு இல்ல, பயிற்சி எடுத்துக்கிட்ட சாதாரண ஜனங்க, நம்மள மாதிரி. ரிசல்ட் நேரத்துல போன்ல பேசற பசங்க கொரல கேட்டவங்களுக்குத்தான் எங்க வலிக்குதுன்னு தெரியும்.

இன்னொண்ணு கடலூர் பக்கம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்துல. பூச்சி மருந்த அவங்கவங்க வீட்டுல வச்சுக்காம ஊருக்குப் பொதுவா ஒரு எடத்துல ஆளுக்கொரு பொட்டி, பூட்டுன்னு வச்சுப் பாத்தாங்க, நல்ல பலன் இருக்குன்னு 2013ல ஆய்வாவே வந்துச்சு. ஆத்திரத்துல இருக்கற மனுஷனுக்கும் அந்த மருந்துக்கும் நடுவுல கொஞ்சம் தூரம், கொஞ்சம் நேரம், அவ்ளோதான் விஷயம். ஊர்க்காரங்க ஒத்துக்கலன்னா அந்தப் பூட்டு ஒரு வாரம் தாங்குமா? நீங்களே சொல்லுங்க.

கேள்வி: இதப்பத்தி பத்திரிகைல பேசப் பேசத்தான் இது ஜாஸ்தியாவுது. கம்முனு இருந்தாலே பாதி கொறஞ்சிடும். கூட்டம் போட்டு பொதுமக்கள் கிட்ட கருத்து கேக்கறேன்னு வேற கெளம்பிடாதீங்க.
ஓய்வுபெற்ற ஆசிரியர், எம்.கே.பி. நகர்

ஐயா, உங்க கோவத்துல பாதி நியாயம் இருக்கு. எப்படி போனாங்க, எங்க போனாங்கன்னு போட்டோவோட போடறது, கடுதாசிய அப்படியே அச்சடிக்கறது, இதெல்லாம் கெடுதல்தான், பிரஸ் கவுன்சிலே 2019ல இதுக்குன்னு நெறிமுறை போட்டிருக்கு. பத்திரிகைய மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்கய்யா, எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சாவு விழுந்தா போலீஸ் வரதுக்கு முன்னாடி வீடியோ வந்துடுது. அத பார்வர்டு பண்ற அதே ஆளு "ஓம் சாந்தி"ன்னும் போடறாரு.

ஆனா கம்முனு இருந்தா கொறையுங்கறது மட்டும் இல்லைங்கய்யா. "ரொம்ப கஷ்டமா இருக்கா, உயிர விட்டுடலாம்னு தோணுதா?"ன்னு ஒருத்தரக் கேட்டா அந்த நெனப்ப நாமளே வெதைச்ச மாதிரி ஆயிடாது, கேட்டதுல மனசு எறங்கி அழுதவங்கதான் அதிகம். நாம கம்முனு இருந்ததுக்கு பலன் என்னன்னா, 1794ல இருந்து கத ஆரம்பிக்கற ஒரு மனநல ஆஸ்பத்திரி நம்ம பக்கத்துலயே இருந்தும், கீழ்ப்பாக்கம்ங்கற ஊர் பேர கெட்ட வார்த்தையாக்கி வச்சிருக்கோம். வகுப்புல பசங்க ஒருத்தன ஒருத்தன் அப்படி கிண்டல் பண்றத நீங்க கேட்டிருப்பீங்க. அந்தப் பையனுக்கு நாளைக்கு மனசு சரியில்லன்னா அந்த வாசப்படிய எப்படி மிதிப்பான்?

கேள்வி: வெளிநாட்டுல எல்லாம் மக்கள கேட்டுத்தான் பண்றாங்களா ப்ரோ? ஏதாச்சும் ஒரு நாடு சொல்லுங்க.
கல்லூரி மாணவர், காசிமேடு

நியூசிலாந்துன்னு வச்சுக்கோ தம்பி. 2018ல அங்க மனநலத்தப் பத்தி அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு, ஊர் ஊரா கூட்டம், 5,200க்கு மேல ஜனங்க கிட்ட இருந்து மனு. அதுல ஒரு விஷயம் எனக்கு புடிச்சிருந்துச்சு. 2030க்குள்ள தற்கொலைய 20 சதவீதம் கொறைக்கணும்னு இலக்கு வைங்கன்னு குழு சொன்னுச்சு, அரசாங்கம் அந்த இலக்க ஏத்துக்கல, இத்தன சாவு பரவாயில்லங்கற மாதிரி ஆயிடுமேன்னு. நம்ம திட்டத்துல 10ன்னு இருக்கு. எது சரின்னு கேட்டா, எனக்கு இலக்கு வேணும் தம்பி, இலக்கு இல்லன்னா யாரப் போயி சட்டையப் புடிக்கறது? ஆனா ஜனங்க முன்னாடி வச்சு அந்த வாக்குவாதம் நடந்துச்சு பாரு, அது நமக்கு நடக்கல. ஸ்காட்லாந்துலயும் 2022ல போட்ட திட்டத்துக்கு, அந்த வலிய அனுபவிச்சவங்கள வச்சே ஒரு குழு அமைச்சு கேட்டாங்க. போதும், நம்மூருக்கு வா.

கேள்வி: ஐயா, கேட்டால் சொல்லத் தயார். யாரும் கேட்கவில்லையே! நானாகவே போய் எங்கே சொல்வது? எனக்கு மனு எழுதும் பழக்கம் உண்டு, நேரமும் உண்டு.
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

நேரமும் மனு எழுதற பழக்கமும் இருக்கற ஒரு ரயில்வேக்காரர் போதுங்கய்யா, ஒரு ஆபீசையே உக்கார வைக்கலாம்.

சட்டம் நம்ம பக்கம் எங்க இருக்குன்னு மொதல்ல. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(c), ஜனங்கள பாதிக்கற முக்கியமான கொள்கை போடும்போது அது சம்பந்தப்பட்ட விவரத்த அரசாங்கம் தானா வெளியிடணும், நாம கேக்கறதுக்காக காத்திருக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 29, தற்கொலைய கொறைக்கற திட்டம் போட்டு நடத்தறது அரசாங்கத்தோட கடமைன்னே சொல்லுது. அப்போ உங்க மாவட்டத்துல அஞ்சு வருஷக் கெடுல சொன்ன ஓபி எந்த நெலைல இருக்கு, எத்தன பேர் வேலைல இருக்காங்க, எத்தன எடம் காலின்னு பத்து ரூபா கட்டணத்துல கேக்கலாம். பதில் வந்ததும் அதையே கையில வச்சுக்கிட்டு அடுத்த மனு.

ஜனங்க கிட்ட கருத்து கேட்டா என்ன ஆவும்னு நம்ம மாநிலத்துலயே 2022ல பாத்தோமே, ஆன்லைன் ரம்மி விஷயத்துல. காச விட்டுட்டு குடும்பம் குடும்பமா நொறுங்குனப்ப நீதிபதி சந்துரு தலைமைல குழு போட்டாங்க, அப்பால ஈமெயில்ல பொதுமக்கள் கருத்த அனுப்பலாம்னு அறிவிச்சாங்க, தடைச் சட்டம் வந்துச்சு, கோர்ட்டுக்குப் போச்சு, ரம்மியும் போக்கரும் அந்தத் தடைல இருந்து வெளிய வந்துச்சு, கடைசில 2025ல மத்திய அரசே காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்கு தடைச் சட்டம் போட்டுச்சு. வளைஞ்சு வளைஞ்சு போன கததான், ஆனா தெருவுல நடந்தது சட்டசபை வரைக்கும் போச்சுல்ல.

உங்களுக்கு கிட்டக்க இருக்கறது ஏரியா சபா. கிராமத்துல கிராம சபை மாதிரி நமக்கு வார்டுக்குள்ளயே. தமிழ்நாட்டுல 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல தொடங்கி வச்சாங்க. நான் ஒரு தடவ போய் ஒக்காந்தேன். மேடைல ஃபேன் ஓடுச்சு, எங்க பக்கம் ஓடல. சாக்கடை, தெருவிளக்கு, மறுபடியும் சாக்கடை, நாய்த் தொல்ல. தப்பில்ல, நம்மூரு சாக்கடைக்கு பேசித்தான் ஆவணும். நான் எழுந்து, "ஆஸ்பத்திரில மனநல ஓபி காலைல வச்சா கூலிக்குப் போறவன் எப்படிங்க வருவான், வாரத்துல ரெண்டு நா சாயங்காலம் நம்ம நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஒரு கவுன்சிலர ஒக்கார வைக்கக் கூடாதா"ன்னு கேட்டேன். கவுன்சிலர்ங்கற வார்த்தைய கேட்டதும் வார்டு கவுன்சிலர் திடுக்குன்னு நிமிந்து, "நான் சாயங்காலம் ஆபீஸ்லதான்ங்க இருக்கேன்"ன்னாரு. கூட்டமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா கூட்டம் முடிஞ்சப்பறம் ரெண்டு பொம்பளைங்க என் பின்னாடியே வந்து, "அந்த சாயங்கால டாக்டரு எப்ப வருவாரு"ன்னு மெதுவா கேட்டாங்க. எனக்கு அதுக்கு பதில் தெரியல. அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதச் சொல்லிக் கேட்டிருக்கேன், நீங்களும் உங்க வார்டுல கேளுங்க, ஒரே கோரிக்க நாலு வார்டுல இருந்து மண்டல ஆபீசுக்குப் போனா அதுக்கு மரியாத வேற.

எழுதும்போது ஒண்ணு மட்டும். "மனநலம் மேம்பட ஆவன செய்ய வேண்டும்"னு எழுதாதீங்க, அது போயி எங்கயாச்சும் கட்டுல தூங்கும். ரிசல்ட் வரதுக்கு மொத நா எங்க தெரு ஸ்கூல் வாசல்ல 14416ன்னு பெரிய போர்டு, குழு லோன் வசூல் பண்ற ஆளுங்க வீட்டு வாசல்ல கத்தக் கூடாது, ஒரு வீட்டுல இப்படி ஒரு சாவுன்னா பதினாறாம் நாளுக்குள்ள ஒரு நர்சம்மாவாச்சும் அந்த வீட்டுக்குப் போயி மிச்சம் இருக்கறவங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கணும். இந்த மாதிரி கையால தொட்டுப் பாக்கற மாதிரி எழுதுங்க. ஸ்டேஷன்ல வாக்குமூலம் வாங்கும்போது காரணம்னு ஒத்த வரி வாங்காம, நடந்தத பூரா குடும்பம் பயமில்லாம சொல்றதுக்கு ஒரு வழி வேணும்னும் சேத்துக்கங்க. அது என்னோட கோரிக்க, என் பேரையும் அடில போட்டுக்கலாம்.

கேள்வி: பேர் வேணாம். ரெண்டு வருஷம் முன்னாடி நானே அப்படி பண்ணி பொழச்சவன். வீட்டுல யாரும் அதப்பத்தி பேச மாட்டாங்க. ஆஸ்பத்திரில ஒருத்தர் "போலீஸ் கேஸு, ஓரமா நில்லு"ன்னாரு. இப்ப பரவால்ல. என்ன மாதிரி ஆளு பேச்ச இந்த திட்டத்துக்கெல்லாம் எவனாச்சும் கேப்பானா? கேஸ் ஆயிடுமா?
எண்ணூர்

தம்பி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன்.

கேஸ் பயம் வேணாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட பிரிவு 115, அப்படி ஒருத்தர் முயற்சி பண்ணா அவரு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் தரது அரசாங்கத்தோட கடமைன்னு சொல்லுது. தற்கொலைக்கு முயற்சி பண்ணா தண்டனைன்னு சொன்ன பழைய ஐபிசி 309ம் இப்ப இல்ல, 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல அந்தப் பொதுவான பிரிவ எடுத்துட்டாங்க, அதிகாரிய மெரட்டி வேலைய தடுக்கறதுக்காக பண்றதுக்கு மட்டுந்தான் தனியா ஒண்ணு இருக்கு. உங்கள ஓரமா நிக்கச் சொன்னவருக்கு சட்டம் தெரியல, இல்லன்னா மனசு இல்ல.

கேப்பாங்களான்னா, கேட்டே ஆவணும்னு சட்டத்துலயே எடம் இருக்கு. மாநில மனநல ஆணையம்னு ஒண்ணு, அதுல மனநலப் பிரச்சனைய அனுபவிச்சவங்க சார்பா ரெண்டு பேர், பாத்துக்கற குடும்பத்துக்காரங்க சார்பா ரெண்டு பேர் உறுப்பினரா இருக்கணும், பிரிவு 46. டாக்டருக்கும் அதிகாரிக்கும் பக்கத்து சேர்ல. அந்த சேர்ல நாளைக்கே போயி ஒக்காருங்கன்னு நான் சொல்லல, அவசரமே இல்ல. பேசணும்னு தோணும்போது, எப்படி பண்ணீங்கங்கறத சொல்லவே வேணாம், அது யாருக்கும் உதவாது. அதுக்கு முந்தின வாரம் யாரு என்ன கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த மொத பத்து நா எப்படி இருந்துச்சு, யாரு வந்தாங்க, யாரு வரல, எது தாங்குச்சு. இத எந்த டாக்டராலயும் உங்க அளவுக்கு சொல்ல முடியாது, நான் எழுதுன அந்த வயித்து வலி காயிதத்துக்கு நேர் எதிர் காயிதம் அது.

லெட்டர்ல "இப்ப பரவால்ல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி வேற ஏதோ எழுதி பேனாவால அழுத்தி அடிச்சிருக்கீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், "ராத்திரில மட்டும்"னு தெரியுது. அந்த ராத்திரில 14416 அடிங்க, 104ம் இருக்கு, சினேகா நம்பர் 044-24640050. வீட்டுல ஒருத்தர் கிட்டயாச்சும், இல்ல ஒரு கூட்டாளி கிட்டயாச்சும், ராத்திரில மட்டும் இப்படி இருக்குன்னு இந்த வாரமே சொல்லி வைங்க. அடிச்ச வரிய அடிக்காம எழுதி எனக்கு இன்னொரு லெட்டர் போடுங்க, அது பத்திரிகைக்கு இல்ல. அட்ரஸ் உங்களுக்கே தெரியும். திங்கக்கெழம, வெசாழக்கெழம தபால் நான்தான் பிரிப்பேன்.